500 யூனிட் கோடும் மொட்டை மாடிச் சூடும்: ஒரு கோடை அனுபவம்

மேற்கு மாம்பலத்தில் மூன்று மாடிக் கட்டடத்தின் கடைசித் தளத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். 2023 மே, ஜூன் மாதங்களில் எங்கள் வீட்டில் 536 யூனிட் ஓடி, 2,238 ரூபாய் மின்கட்டணம் வந்தது. வழக்கம்போல ஏசியைத் திட்டிவிட்டுக் கட்டியிருப்பேன். அன்று ஏனோ தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அப்போது நடப்பில் இருந்தது 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், பிறகு 400 வரை 4.50, அதற்கு மேல் 6; முழு 500க்கும் சேர்த்து 1,725 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டாலோ அந்த 2.25 கைவிட்டுப் போய், 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 ஆகிவிடும், 500க்கு மேல் 600 வரை 8 ரூபாய். 501ஆவது யூனிட் ஒன்றுக்கே 233 ரூபாய் கூடியது. எனது உபரி 36 யூனிட்டுக்கு நான் கொடுத்தது 513 ரூபாய், அதாவது யூனிட்டுக்குப் பதினாலே கால் ரூபாய். 2024 ஜூலையில் விலைகள் ஏறியபோதும் இந்த 500 கோடு அப்படியேதான் இருந்தது.

எனவே நான் தேடியது பெரிய சேமிப்பை அல்ல. அந்த 36 யூனிட்டைத்தான். அது ஏசியில் கிடைக்கும் என்று நினைத்தேன், மின்விசிறியில் கிடைத்தது. கூடத்தில் இருந்த பழைய விசிறி 75 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக மாட்டிய பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வகை) விசிறிக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். பகலெல்லாம் அம்மா அதனடியில்தான் உட்கார்ந்திருப்பார் என்பதால் இந்தக் கணக்கில் மிகை எதுவும் இல்லை.

ஏசியின் கதை வேறு. அறை குளிரவில்லை என்று அழைத்தபோது வந்தவர், திறந்துகூடப் பார்க்காமல், கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்றார். மறுநாள் நானே பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தால், வெளி யூனிட்டின் பின்புறம் புறா கட்டிய கூடு, துடைப்பக் குச்சியும் கம்பித் துண்டுமாக, பாதியை அடைத்திருந்தது. குஞ்சு எதுவும் இல்லாத கூடு என்பதால் அதை எடுத்துவிட்டு, உள்ளே வடிகட்டியையும் குழாயடியில் கழுவி மாட்டினேன். கேஸ் நிரப்பாமலே குளிர்ந்தது. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற புதிய ஏசிகளை 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்க வேண்டும் என்று விதி வந்தது. எங்களுடையது அதற்கு முந்தையது. யார் தொட்டாலும் 18க்குப் போய்விடும். இப்போது 26இல் வைத்து, கூடவே விசிறியை மெதுவாகச் சுழல விடுகிறோம்.

ஆனால் இரவு பதினொரு மணிக்குக் கட்டிலின் மேல் ஏறி நின்று கூரையில் கை வைத்தால், இறக்கி வைத்த குக்கரைத் தொட்டது போல இருக்கும். பகலில் கான்கிரீட் குடித்த வெயிலை இரவெல்லாம் கீழே கக்கும்போது, ஏசி குளிர்விப்பது நம்மை அல்ல, கூரையைத்தான். அம்மா வருடாவருடம் சொன்னதை அந்த வருடம் கேட்டேன். அடுத்த ஏப்ரலில், கத்திரி தொடங்குமுன், மாடியை நன்றாகப் பெருக்கிக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பைக் கரைத்து, ஒட்டுவதற்குச் சிறிது ஃபெவிகால் சேர்த்து இரண்டு பூச்சு அடித்தோம். மதியம் கண் கூசியது. இரவில் கூரை வெதுவெதுப்போடு நின்றது. முன்பு விடியும்வரை ஓடிய ஏசியை இப்போது இரண்டு மணிக்கே அணைத்துவிட முடிகிறது. மழைக்காலத்தில் பூச்சு கரைந்துவிடும் என்பது உண்மை. அதனால் ஆண்டுதோறும் அடிக்கிறோம்.

மற்றபடி, பால் கணக்கு எழுதும் காலண்டரில் முப்பதாம் நாள் மீட்டர் எண்ணையும் குறித்து வைக்கிறேன். 250ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் எச்சரிக்கை. 2024 மே, ஜூனில் 471 யூனிட்டில் நின்றோம்.

வேளச்சேரியிலிருந்து ஒரு பதில்:

நீங்கள் ஏர்கூலர் பக்கம் போகாததற்கு வாழ்த்துகள், நான் போனேன். ஏசியில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம்தான் என்று டெல்லியில் இருக்கும் மைத்துனர் சொன்னதைக் கேட்டு வாங்கினேன். அங்கே காற்று காய்ந்து கிடப்பதால் தண்ணீர் சட்டென்று ஆவியாகிக் குளிரைத் தரும். இங்கே கடற்காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்து வருவதால் ஆவியாவதற்கே இடமில்லை. மூன்றாம் நாள் டப்பாவில் இருந்த அப்பளம் நமத்துப் போனது, தலையணை உறை பிசுபிசுத்தது. மேற்குக் காற்று அடித்து, கடற்காற்று மாலைவரை தலைகாட்டாத சில மே மாத நாள்களில் மட்டும், எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தால், நன்றாகவே வேலை செய்கிறது. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்களுக்காக அதைப் பரணில் வைத்திருக்கிறேன்.