ஐம்பது ஆண்டுகள் கழித்துத் துக்கம் கேட்கப் போகலாமா?

சேரம்பாடிக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். 1974இல், பதினொரு வயதில், பெற்றோருடன் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் சில நாள்கள் இருந்துவிட்டு, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக அரசு தொடங்கியிருந்த தேயிலைத் தோட்டத்தில் குடியேறினோம். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாதிருந்த மலையகத் தமிழரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவும் மூன்று லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று எழுதியபோது, எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரே சுவரின் இரு பக்கமும் இருந்த இரண்டு குடும்பங்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆகும் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அடுத்த காம்பராவில், அதாவது அடுத்த அறை வீட்டில், இருந்தவர்கள் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார்கள்.

அந்தக் காம்பராவில்தான் என் தோழன் இருந்தான். தலைமுடியைப் பார்த்து எல்லோரும் அவனைச் சுருட்டை என்றே அழைத்தோம். கோதுமை மாவும் கிடைக்காத 1973ஆம் ஆண்டில், அவன் அம்மா சுட்ட ஒரு ரொட்டியை அவன் இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், உட்கார்ந்து இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டு எது என்று ஒளியில் தூக்கிப் பார்த்து, அதை என்னிடம் கொடுப்பான். நாங்கள் புறப்பட்ட நாளில் அட்டன் ஸ்டேஷன் வரை வந்தான். அந்த ரயிலை எங்கள் பக்கத்தில் அழுகைக் கோச்சி என்பார்கள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் ஓடியும் வந்தான்.

1975இல் அவனிடமிருந்து நீல நிற வான்கடிதம் ஒன்று வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கரும்பலகை வந்திருக்கிறது, உன் இடத்தில் இப்போது நான் உட்காருகிறேன், அங்கேயும் இப்படி மழை பெய்கிறதா என்று எழுதியிருந்தான். பதில் போடக் காசு கேட்டேன். அடுத்த சம்பளத்துக்குப் பார்க்கலாம் என்றார் அப்பா. அடுத்த சம்பளத்தின்போது நான் கேட்கவில்லை. அதன் பிறகு எப்போதும் கேட்கவில்லை.

சென்ற மாதம் என் மருமகள் முகநூலில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாக் காணொளி ஒன்றைக் காட்டினாள். அதன் கீழே எழுதியிருந்தவர்களில் ஒருவர் எங்களோடு படித்தவர் என்று தெரிந்து தொடர்பு கொண்டேன். சுருட்டை 2006இல் நோயில் இறந்துவிட்டதாகவும், அவன் மனைவியும் தங்கையும் அதே லயத்தில் இருப்பதாகவும் அவர் சொன்னார். எங்களோடு படித்த இன்னொரு தோழனின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுப் போனதோடு சரி, பிறகு அவர்களைப் பற்றிச் செய்தி இல்லை என்றார்.

இழவு நடந்த வீட்டுக்கு முதல் தடவை போகிறவர் துக்கம் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்பது நம் வழக்கம். ஆனால், இத்தனை ஆண்டுகள் கழித்து, அந்த மனைவி முகம் பார்த்தறியாத ஒருவன் வாசலில் நின்று துக்கம் கேட்டால், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைக் கீறியதாகாதா? தொலைபேசியில் பேசினால் போதும் என்கிறான் மகன். நேரில் போய்த்தான் ஆக வேண்டும் என்கிறாள் மனைவி. இப்படிப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கோத்தகிரி அக்கா எழுதியது:

தம்பி, போங்கள். நான் 2018இல் போனேன். அங்கே நான் செய்த பிழையை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

என்னோடு கொழுந்து பறிக்கத் தொடங்கி, பின்னர் இறந்துவிட்ட ஒருத்தியின் வீட்டைத் தேடிப் போனேன். நாங்கள் தோட்டத்தைத் தமிழில் ஒரு பெயரால் அழைப்போம், கம்பெனிப் பலகையில் வேறொரு பெயர் இருக்கும். இது நினைவில்லாமல் வரைபடத்தில் தேடித் தேடி ஒரு வாரம் போயிற்று. தமிழ்ப் பெயரைச் சொன்னதும் பஸ் நடத்துநர் சரியான திருப்பத்தில் இறக்கிவிட்டார். ஆகவே, உங்கள் தோட்டத்தின் இரண்டு பெயரையும், எந்த டிவிசன், மேல் லயமா கீழ் லயமா என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டிக் கடிதம் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்பட்டால்தான் வீடு வந்து சேரும். நான் போட்ட இரண்டு கடிதங்களில் ஒன்றுகூடச் சேரவில்லை.

இனி என் பிழையைச் சொல்கிறேன். லயத்தில் போய் இறங்கியதும் சிறுபிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். மகிழ்ச்சியில் பையைத் திறந்து சேலைகளையும் இனிப்பையும் கொடுக்கத் தொடங்கிவிட்டேன். சிரிப்பும் படமெடுப்புமாக அரை மணி நேரம் ஆயிற்று. பிறகுதான் என் தோழியின் வீட்டுக்குள் நுழைந்தேன். அவளுடைய மாமியார் மூலையில் உட்கார்ந்திருந்தவர், "வெளியே சிரிக்கிற சத்தம் கேட்டது. அவளைத் தெரியாத யாரோ என்று நினைத்தேன்" என்றார். அந்த அம்மா கோபத்தில் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு அது அவ்வளவு வலித்தது.

எனவே யாரிடமும் நின்று பேசாமல் நேரே அந்த வீட்டுக்குப் போங்கள். கையில் பரிசு வேண்டாம், பழமும் பூவும்கூட அன்றைக்கு வேண்டாம். உட்காருங்கள், கேளுங்கள், அவர்கள் அழுதால் அழட்டும். எழுந்து வரும்போது "போய் வருகிறேன்" என்று சொல்லாமல் வாருங்கள். மறுநாள் பரிசுகளோடு மீண்டும் போகலாம், அப்போது அது உறவு வீடு. பத்தொன்பது ஆண்டுகள் ஆயிற்றே என்று நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள். அவர்களுக்கோ நீங்கள் வந்து கேட்கும் நாள்தான் உங்கள் கணக்கில் முதல் நாள். கேட்காமல் விட்டவர்களைத்தான் என் தோழியின் வீட்டில் இன்னும் நினைவு வைத்திருந்தார்கள்.

மலையக ஆசிரியர் எழுதியது:

ஐயா, நான் மஸ்கெலியாப் பக்கத்துப் பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். நீங்கள் படித்த ஒற்றை அறைத் தோட்டப் பள்ளிக்கூடம் பின்னர் அரசாங்கத்தின் கையில் வந்து, இப்போது பெயர் மாறி, தமிழ் வித்தியாலயமாக இயங்கக்கூடும். அதிபரிடம் பழைய சேர்வு இடாப்பு, அதாவது மாணவர் சேர்க்கைப் பதிவேடு, இருந்தால், உங்கள் பெயரும் தோழர்களின் பெயர்களும் தகப்பனார் பெயரோடும் சேர்ந்த திகதியோடும் அதில் இருக்கும். தோட்டத்து மரணாதாரச் சங்கத்தின் குறிப்பேட்டையும் கேட்டுப் பாருங்கள். இறந்தவரின் பெயர், நாள், வீட்டாருக்குக் கொடுத்த உதவி எல்லாவற்றையும் அதில் எழுதி வைப்பதுண்டு. நெருங்கிய சொந்தக்காரரிடம் கேட்கத் தயங்கும் விபரங்களை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

புதைத்த இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோட்டத்து மயானங்களில் கல்லறை கட்டியவர்கள் குறைவு. தலைமாட்டில் நட்ட மரமோ ஒரு கருங்கல்லோதான் அடையாளம், அதையும் காடு மூடிவிடுகிறது. ஆகையால் தங்கையார் உடன் வரச் சம்மதித்தால் மட்டும் அங்கே போங்கள், தனியாகப் போய்த் தேடாதீர்கள்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் 1969இல் நீருக்குள் போனதை நீங்கள் சிறுபிள்ளையாகப் பார்த்திருப்பீர்கள். வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில் வெளியே தெரியும். அப்போது பெரியவர்கள் சேற்றில் இறங்கிப் போய், கடைத்தெரு இது, எங்கள் வீட்டுக்குப் போகும் படி இது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். எத்தனையோ முறை அவர்களோடு போயிருக்கிறேன். நினைவுபடுத்தினால் இவர்களுக்கு வலிக்கும் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் அஞ்சுகிறார்கள். இங்குள்ளவர்கள் சொல்வதற்கு ஆள் கிடைக்காமல் இருக்கிறார்கள்.

வவுனியாவிலிருந்து ஒருவர் எழுதியது:

உங்கள் இன்னொரு தோழனைப் பற்றி எழுதுகிறேன். 1977இலும் 1983இலும் தோட்டங்களில் அடிபட்டு வீடிழந்த பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறின. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. மலையிலே தேடிக் கிடைக்காதவரை இங்கே தேடுங்கள். கிராம அலுவலரிடமும், மலையகத்திலிருந்து வந்தோர் வாழும் ஊர்களின் கோயில் நிர்வாகத்தாரிடமும் தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்தத் தோட்டத்து ஆட்கள் யார் யார் என்று சொல்லிவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பங்களில் பலர் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து நடந்தவர்கள். சிலருக்கு இறந்தவரைப் புதைத்த இடம் தெரியாது. சிலருக்கு, தங்கள் பிள்ளை இறந்துவிட்டதா என்பதே தெரியாது. ஆகவே, தொலைபேசியில் எடுத்த எடுப்பில் "எல்லோரும் நலந்தானே" என்று கேட்காதீர்கள். என் அம்மாவிடம் ஒருவர் அப்படிக் கேட்டார், அன்று அவர் சாப்பிடவில்லை. நீங்கள் யார், எந்த லயத்துப் பிள்ளை என்று முதலில் சொல்லுங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். இல்லாதவர்களைப் பற்றி அவர்களாகவே சொல்வார்கள். காணாமற்போனவருக்குத் துக்கம் கேட்டுவிடாதீர்கள், அந்த வீடு இன்னும் அவரை எதிர்பார்த்திருக்கிறது.

சேரம்பாடிக்காரன் மீண்டும் எழுதியது:

கோத்தகிரி அக்காவுக்கும், ஆசிரியர் ஐயாவுக்கும், வவுனியா நண்பருக்கும் நன்றி. மாசி மாதம், தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும் நாள்களை ஒட்டிப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். மனைவியும் வருகிறாள். வவுனியாவுக்கும் போய் விசாரிப்போம்.

முன்னறிவிப்பு இல்லாமல் போகக் கூடாது என்பதால், எங்களோடு படித்தவர் மூலம் சுருட்டையின் தங்கையிடம் நேற்றுப் பேசினேன். நான் பெயரைச் சொல்லி, மேல் லயம் என்றதும், "கப்பலேறிப் போன அண்ணனா?" என்றாள். நாங்கள் புறப்பட்டபோது அவளுக்கு நான்கு வயதுதான், பிறர் சொல்லக் கேட்டுத்தான் என்னை அறிந்திருக்க வேண்டும். துக்கத்தை நேரில் வந்து கேட்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, பதில் எழுதாமல் விட்ட கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் என்னைக் குறை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவள், அந்தக் கடிதம் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டாள். கூரை ஒழுகி நனைந்ததில் அவன் எழுதி வைத்திருந்தது ஒன்றுகூட அவர்களிடம் மிஞ்சவில்லையாம். அவன் மகளுக்குத் தகப்பனின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று தெரியாதாம்.

கடிதத்தை எங்கள் குடும்ப அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கைப்பையில் போட்டிருக்கிறேன்.