மழையில் இத்தாலி: பொலோனியாவில் குடை விரிக்காமல் ஒரு நாள்

கோவைக்காரி:

இத்தாலியில் மழையில் மாட்டிய கதைகளை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எங்களுடையது கொஞ்சம் வேறு மாதிரி. நவம்பர் மாதம், பொலோனியாவில் ரயிலை விட்டு இறங்கும்போதே சரியான மழை. "பேசாம ஃபுளோரன்ஸுக்கே திரும்பிடலாமா?" என்றார் என் வீட்டுக்காரர். அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து இன்டிபென்டென்ஸா தெருவுக்குள் நுழைந்ததும் பேச்சை விட்டுவிட்டார். தெருவோரமெல்லாம் தூண் வைத்த தாழ்வாரம், அதற்கு மேல் வீடுகள். அங்கங்கே குறுக்குத் தெருவைக் கடக்கும்போது மட்டும்தான் தலை நனைந்தது.

போர்ட்டிகோ எனப்படும் இந்தத் தாழ்வாரங்கள் ஊர் முழுக்கச் சேர்த்து 62 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டன. இவை மழைக்காகத் தொடங்கியவை அல்ல. பல்கலைக்கழகத்தால் ஊரில் கூட்டம் பெருகி இடம் போதாமல், ஆட்கள் மாடி அறையைத் தெருப்பக்கம் நீட்டி, கீழே மரத்தூணை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேறு ஊராக இருந்தால் ஆக்கிரமிப்பு என்று இடித்துத் தள்ளியிருப்பார்கள். இங்கே 1288-ல் சட்டமே போட்டு, புது வீடு கட்டினால் தாழ்வாரம் வைத்தே ஆகவேண்டும் என்றார்கள். இடம் வீட்டுச் சொந்தக்காரருக்கு, நடக்கும் உரிமை ஊருக்கு. நம்மூர்த் திண்ணைகளை ஒன்றோடு ஒன்று கோத்து ஊரைச் சுற்றி விட்ட மாதிரி இருக்கிறது. மரத்தூண் பார்க்க ஆசையென்றால் ஸ்ட்ராடா மஜ்ஜோரேவில் காஸா இசொலானி என்ற 13-ஆம் நூற்றாண்டு வீடு இருக்கிறது. கருத்துப்போன ஓக் மரத்தூண்கள் அவ்வளவு உயரத்தில் நிற்பதைப் பார்த்து இவர் நடுவழியிலேயே நின்றுவிட்டார். பின்னால் நாயோடு வந்த ஒரு அம்மா இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டுத் தாண்டிப் போனார். கையில் குடை இல்லை, நாய்கூட நனையவில்லை.

ஊர் நடுவில் மஜ்ஜோரே சதுக்கத்தில் உள்ள சான் பெத்ரோனியோ தேவாலயத்துக்குள் 1655-ல் வானியலாளர் காசினி தரையில் போட்ட நடுப்பகல் கோடு இருக்கிறது. கூரைத் துளை வழியாக நண்பகல் வெயில் அந்தக் கோட்டில் வந்து விழுந்தால்தான் அதற்கு வேலை. அன்று அதற்கு லீவு.

பக்கத்திலேயே பொதெஸ்தா மாளிகைக்குக் கீழே ஒரு வளைவுக் கூரை. நான்கு திசைத் தெருக்களும் அதற்குள் வந்து சேர்கின்றன. மழைக்கு ஒதுங்கி நின்றோம். ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்து, இவரை ஒரு மூலைக்கும் என்னை நேர் எதிர் மூலைக்கும் கைகாட்டினார். சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி ஜாடை. மழை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சைக்கிள் மணி, இத்தனை இரைச்சலுக்கு நடுவில் வளைவுக் கூரை வழியாகக் கடந்து வந்து, சுவருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இவர் குரல்: "கேக்குதா?"
"கேக்குதுங்க."
"பசிக்குது."
கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. ஊரே கொண்டாடும் தோர்த்தெல்லினி (பூரணம் வைத்த சின்ன பாஸ்தா) சூப்பில் உள்ளே பன்றி இறைச்சி, சாறும் கறிச்சாறு. இவர் சைவம். அதனால் ரிக்கொத்தா என்ற மென்மையான பாலாடைக்கட்டி வைத்த, அதன் பெரிய வகையான தோர்த்தெல்லோனி, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுக் கேட்டு வாங்கினோம். ஆறுவதற்குள் தட்டு காலி.

மதியத்துக்கு மேல் சான் லூக்கா மலை. சரகோஸா என்ற பழைய நகர வாசலிலிருந்து மலை உச்சிக் கோயில் வரை 666 வளைவுகள், கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் ஒரே தாழ்வாரம். 1433-ல் விடாத மழையில் பயிர் அழுகும் நிலை வந்தபோது மேலே இருந்த மாதா படத்தை ஊருக்குள் எடுத்து வந்தார்கள், மழை நின்றது என்பது அவர்கள் நம்பிக்கை. இன்றும் ஆண்டுதோறும் மாதா கீழே இறங்கி வருகிறார். அந்தப் பாதைக்குத்தான் 1674-ல் இந்தக் கூரையைப் போட ஆரம்பித்தார்கள். மெலொஞ்செல்லோ வளைவு வரை சமதளம், அப்புறம் ஏற்றமும் படியும். காற்றடித்தால் ஒரு பக்கம் சாரல் வரும், தேய்ந்து வழுவழுப்பான தரை ஈரத்தில் வழுக்கும். மேலே போனால் காட்சி? ஒன்றுமில்லை, வெறும் மூடுபனி. ஆனால் வழியில் டிராக் சூட்டில் ஓடுகிறவர்கள், ஜெபமாலை உருட்டிக்கொண்டு ஏறும் பாட்டிகள், படியில் உட்கார்ந்து சண்டை போடும் ஒரு காதல் ஜோடி என்று ஊரே அங்கே இருந்தது. வெயில் நாளில் போயிருந்தால் காட்சியைத்தான் பார்த்திருப்போம்.

பழைய பயணி:

உங்களுக்குக் கூரை, எங்களுக்கு ஓட்டை. ரோமில் மழை கொட்டியபோது நானும் மனைவியும் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்குள் ஓடினோம். குவிமாடத்தின் உச்சியில் கிட்டத்தட்ட 9 மீட்டர் அகலத் திறப்பு, அதற்கு மூடியே கிடையாது. மழை உள்ளேயே விழுகிறது. நடுவில் கயிறு கட்டிவிட்டார்கள், சுற்றி நின்று எல்லோரும் மழையை வேடிக்கை பார்க்கிறோம். தரை லேசாகச் சரிந்திருப்பதால் தண்ணீர் அங்குள்ள 22 துளைகளில் வடிந்துவிடுகிறது. "ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி கட்டினதுல தண்ணி நிக்கலை, நம்ம அபார்ட்மென்ட் பால்கனியில நிக்குது" என்றாள். பதில் சொல்லவில்லை, அசோசியேஷன் செயலாளர் நான்தான். வெளியே வந்தால் முதல் தூறலுக்கே எங்கிருந்தோ முளைத்த குடைக்காரர்கள். பத்து யூரோ சொன்னது ஐந்துக்கு முடிந்தது. இரண்டு தெரு தாண்டியதும் கம்பி மடங்கிவிட்டது.

திருச்சி வாசகி:

கோவைக்காரி அக்கா, மாமியாருக்கு முழங்கால் வலி. சான் லூக்கா ஏற முடியுமா?

கோவைக்காரி:

ஏற வேண்டாம்மா. மஜ்ஜோரே சதுக்கத்திலிருந்து ரயில் மாதிரி ஒரு சின்னச் சுற்றுலா வண்டி மலைக்குப் போகிறது, அதில் கூட்டிப் போங்கள். இறங்கும்போது தெம்பிருந்தால் கொஞ்ச தூரம் மட்டும் தாழ்வாரத்தில் கைப்பிடித்து நடத்துங்கள். தோல் அடிச் செருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், ரப்பர் அடி போட்ட ஷூ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.