மூணாம் நோன்பு நம்ம முறை

குழு: புதுப்பேட்டை வீடு

ஜாபர்: அஸ்ஸலாமு அலைக்கும். பள்ளிவாசல்ல இருந்து போன். மூணாம் நோன்பு கஞ்சி எப்பவும் போல நம்ம வீடுதானா, வேற ஆளுக்கு மாத்தவான்னு கேக்குறாங்க. நாளைக்கு ராத்திரித் தொழுகை இஷாவுக்குள்ள சொல்லணும். இன்னொண்ணு, அன்னைக்கு மறைஞ்ச நம்ம அத்தாவப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசப் போறாங்களாம். பத்து வரி எழுதிக் கேட்டிருக்காங்க.

நூர்ஜஹான்: வ அலைக்குமுஸ்ஸலாம். நம்மதான். இதுல கேள்வி என்ன

ரியாஸ் துபாய்: பணம் நான் அனுப்புறேன்

சச்சா: பணம் இருக்கு. யாரு கிளறுறது?

ரியாஸ் துபாய்: 🤲

மண்ணடி மாமா: அளவு எங்கிட்ட இருக்கு. பொறுமையாப் படிங்க. மச்சான், அதான் உங்க அத்தா, கணக்கு எப்பவும் 10 கிலோ அரிசிக்கு. பச்சரிசி, களைஞ்சு நிழல்ல உலர்த்தி குருணையா உடைச்சது. முழு அரிசி போட்டா வேகும், ஆனா குழையாது, தண்ணி தனியா நிக்கும். பாசிப்பருப்பு 2 கிலோ, வாசம் வர்ற வரைக்கும் லேசா வறுத்தது. வெந்தயம் 100 கிராம். வெங்காயம் 3 கிலோ, தக்காளி இரண்டரை, இஞ்சி பூண்டு விழுது முக்கால் கிலோ, பச்சை மிளகாய் 300 கிராம், கேரட் 2 கிலோ, மல்லி புதினா அஞ்சஞ்சு கட்டு. கொத்துக்கறி 3 கிலோ. எண்ணெய் 1 லிட்டர், நெய் கால் கிலோ. பட்டை 50, கிராம்பு 25, ஏலக்காய் 25. தேங்காய் 15. தண்ணி 110 லிட்டர். 300 மில்லி கிண்ணத்துக்கு 350 பேருக்குக் குறையாது.

நூர்ஜஹான்: உப்பு?

மண்ணடி மாமா: அதுக்குத்தான் வர்றேன். 850 கிராம். நிறுத்துத்தான் போடணும், கைக்கணக்கு ஆகாது. கிளறுறவரும் நோன்பாளி. நாக்கு நுனியில வச்சுத் துப்பிட்டா நோன்பு முறியாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொன்னாரு, மச்சான் கேக்கல. கடைத் தராச எடுத்துட்டு வந்துதான் போடுவாரு.

சச்சா: 850 சரி. அரை கிலோ உப்பு, கறி வதக்குறப்ப. மிச்சம் இறக்குறதுக்கு முன்னாடி.

ஜாபர்: கறி போடணுமா? திருவல்லிக்கேணி பெரிய பள்ளியில சூஃபிதார் அறக்கட்டளை ஆளுங்க சைவமாத்தானே பண்றாங்க, யாரு வேணா குடிக்கலாம். நம்ம தெருவுலயும் பாதிப் பேரு தூக்கு எடுத்துட்டு வர்ற இந்துக்கள்தான்.

நூர்ஜஹான்: அத்தா ரெண்டு அண்டா வைப்பாங்க. சின்னது கறி இல்லாம

மண்ணடி மாமா: அது கடைசி நாலஞ்சு வருஷம்தான்.

நூர்ஜஹான்: பத்து வருஷம் மாமா

பரீதா சாச்சி: நாளைக்கு பிறை தெரியுமாம், எல்லாரும் ஷேர் பண்ணுங்க (ஃபார்வர்ட் செய்யப்பட்டது)

சச்சா: தலைமை காஜி அறிவிக்கட்டும். இதப் பரப்பாத.

ஜாபர்: மாமா, அடுப்பு எத்தனை மணிக்கு?

மண்ணடி மாமா: மதியத் தொழுகை லுஹர் முடிஞ்ச கையோட பத்த வச்சிரணும். எண்ணெய், நெய், பட்டை வகை, வெங்காயம் பொன்னிறம், விழுது பச்சை வாடை போற வரைக்கும், அப்புறம் தக்காளி, கறி. பிறகு தண்ணியும் ரெண்டாம் தேங்காய்ப்பாலும். கொதி வந்த பிறகுதான் குருணை, பருப்பு, வெந்தயம். அதுல இருந்து ஒன்றரை மணி நேரம் துடுப்பு நிக்கக் கூடாது. பருப்பு அடியில உக்காரும், அங்கதான் பிடிக்கும். மேலாக சுத்துறது கிளறுறது இல்ல, துடுப்பு நுனி அடியத் தொட்டு இழுக்கணும். முதல் பால் தீய அணைச்ச பிறகு. கொதியில ஊத்தினா திரியும்.

ரியாஸ் துபாய்: அடி பிடிச்சிட்டா?

சச்சா: சுரண்டாத. மேல இருக்கிறத வேற அண்டாவுக்கு மாத்து. சுரண்டினா மொத்தமும் தீஞ்ச வாடை.

மண்ணடி மாமா: இன்னொண்ணு விட்டுட்டேன். இறக்குறப்ப ரசத்தவிடக் கொஞ்சம் கெட்டியா இருந்தாப் போதும். சாயங்காலம் அஸர்ல இறக்கி, நோன்பு திறக்குற மஃரிபுக்குள்ள அதுவா இறுகிரும். இறுகிடுச்சின்னு பச்சத் தண்ணி ஊத்தினா சீக்கிரம் புளிச்சிரும். பக்கத்துல பத்து லிட்டர் வெந்நீர் கொதிச்சிட்டே இருக்கணும்.

நூர்ஜஹான்: ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு. இப்ப பத்து வரி

ஜாபர்: ஆரம்பம் மட்டும் எழுதியிருக்கேன்: "சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையும் பைண்டிங் வேலையும். 1985 மே 30 தீ விபத்தில் கடை முழுவதும் எரிந்தது. அது நோன்பு மாதம். அன்று மாலையும் பள்ளிவாசலில் கஞ்சி கிளறினார்."

மண்ணடி மாமா: மூர் மார்க்கெட் 1900ல திறந்தது. கார்ப்பரேஷன் தலைவரா இருந்த ஜார்ஜ் மூர் பேரு. எரிஞ்ச பிறகு இடம் ரயில்வேக்குப் போச்சு. லோக்கல் ஸ்டேஷன இன்னைக்கும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்னுதான் சொல்றாங்க. இதையும் சேத்துக்க.

சச்சா: மார்க்கெட் வரலாறு எதுக்கு மச்சான், அண்ணனப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. அன்னைக்குக் கிளறினது எங்க அத்தா. அண்ணன் விறகு தள்ளிட்டு இருந்தாரு.

நூர்ஜஹான்: அத்தா கிளறினதாத்தான் அம்மா சொல்றாங்க

சச்சா: அண்ணிக்கு அப்ப கல்யாணமே ஆகல.

ஜாபர்: சரி, "கஞ்சி வேலையில் இருந்தார்"னு மாத்துறேன்

சச்சா: மே 30 நோன்புங்கறது மட்டும் உறுதி. அந்த வருஷம் பெருநாள் ஜூன் மூணாவது வாரம். எரிஞ்ச பிறகு அவரு பட்டத எழுது. நடைபாதையில சாக்கு விரிச்சாரு. அப்புறம் அல்லிக்குளம் வளாகத்துல கடை. ஏப்ரல்ல பரீட்சை முடிஞ்சதும் பாடப் புத்தகம் எடைக்கு வாங்குவாரு. மே முழுக்க பிரிச்சுத் தச்சு அட்டை போடுவாரு. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள வித்துருவாரு. நாலு பிள்ளைங்க ஃபீசும் அந்தக் காசுதான். மே மாசத்துல அவரு ராத்திரி தூங்கி யாரும் பாத்ததில்ல.

ஜாபர்: இதை அப்படியே போடுறேன் சச்சா

நூர்ஜஹான்: குர்ஆன் பைண்டிங்கும் போடு. கை கால் முகம் கழுவி ஒளு செய்யாம தொட மாட்டாங்க. ஒவ்வொரு ஜுஸ்உவா, அதாவது பாகம் பாகமா, தனியாத் தச்சு, முப்பதையும் சேத்து முதுகுல துணி ஒட்டி, ஒரு ராத்திரி பிரஸ்ல வைப்பாங்க. கூலி வாங்கல. கிழிஞ்சு சேராத தாள சாக்குல சேத்து வச்சு, கால் படாத இடமாப் பாத்துப் புதைப்பாங்க

ரியாஸ் துபாய்: அந்த இரும்பு பிரஸ் இப்ப யாருகிட்ட?

(42 நிமிஷம் யாரும் பதில் போடவில்லை)

மண்ணடி மாமா: பிரஸ் பத்தி நேர்ல பேசுவோம். மச்சான் மவுத்தான நாப்பதாம் நாளுக்கு எல்லாரும் வந்திருந்தா அன்னைக்கே பேசி முடிச்சிருக்கலாம்.

ஜாபர்: மாமா வேணாம்

சச்சா: நாப்பதாம் நாள் ஃபாத்திஹா வேற, இது வேற. நோன்பு திறக்கக் கொடுக்குறதுக்கு நான் எப்பவும் வருவேன். விறகு, துடுப்பு ரெண்டும் என் பொறுப்பு.

நூர்ஜஹான்: 👍

பரீதா சாச்சி: அல்ஹம்துலில்லாஹ்

ஜாபர்: சைவத்துக்கு இன்னொரு அண்டா வேணுமே. பள்ளியில ஒண்ணுதான் இருக்கு, மத்தது ஓட்டை. கடையில அத்தாவோட அலுமினிய அண்டா ஒண்ணு கிடக்கு, நாப்பது லிட்டர் பிடிக்கும். கழுவி எடுத்துட்டு வரவா?

சச்சா: தொடாத!!

மண்ணடி மாமா: அய்யய்யோ. அது பசை அண்டா. மைதா ஒரு பங்குக்கு தண்ணி அஞ்சு பங்கு, பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம். துத்தம் விஷம். எத்தனை தடவ தேய்ச்சாலும் அதுல சமைக்கக் கூடாது. அதான் பிடியில சிவப்புத் துணி கட்டி வச்சிருப்பாரு.

நூர்ஜஹான்: அந்தத் துணி இப்ப இருக்கா?

ஜாபர்: இல்ல. போன வாரம் கடை கூட்டுறப்ப நான்தான் அவுத்துப் போட்டேன்

சச்சா: இன்னைக்கே போய்க் கட்டு. எழுதியும் ஒட்டு.

ஜாபர்: கிளம்புறேன்

ரியாஸ் துபாய்: அண்டா வாடகைக்கு எவ்வளவு? நான் போடுறேன்

நூர்ஜஹான்: 🎤 0:47

நூர்ஜஹான்: அம்மா பேசினது. கேக்க முடியாதவங்களுக்கு: துடுப்பு அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி நிக்குதாம். படுக்கப் போட்டா வளைஞ்சிரும்னு அத்தா நிமித்தித்தான் வைப்பாங்களாம். யாரும் சாய்க்க வேணாமாம். தேங்காய் பதினஞ்சு இல்ல, பதினெட்டாம்

மண்ணடி மாமா: பதினஞ்சு. நான் எழுதி வச்சிருக்கேன்.

நூர்ஜஹான்: அம்மாதான் துருவினது மாமா

பரீதா சாச்சி: காய் சின்னதா இருந்தா பதினெட்டு

ஜாபர்: துணி கட்டியாச்சு. பள்ளிவாசல்ல மறுபடியும் கூப்பிட்டாங்க. கறி எத்தனை கிலோன்னு கேக்குறாங்க. ஒரு அண்டாவா ரெண்டு அண்டாவா, யாராவது முடிவாச் சொல்லுங்க