"கல் தோன்றி மண் தோன்றா"ன்னு பாதியை மட்டும் எடுத்துப் போடறது சரியா?

திண்ணைவாசி:
போன வாரம் அக்கா பொண்ணு ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னாடி பெரிய ஃப்ளெக்ஸ், "கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தே முன் தோன்றிய மூத்த தமிழ்"னு போட்டு கீழ சின்னதா "சங்க இலக்கியம்". எனக்கு உட்காரவே முடியல. அது சங்க இலக்கியமே இல்ல, புறப்பொருள் வெண்பாமாலை, ஐயனாரிதனார் எழுதினது, சங்க காலத்துக்கு ரொம்பப் பின்னாடி வந்த இலக்கண நூல். அதுல கரந்தைப் படலம்னு ஒண்ணு இருக்கு, எதிரி ஓட்டிட்டுப் போன மாடுகளை மீட்கப் போற வீரர்களைப் பத்தினது, அதுல குடிநிலைங்கற துறைக்கு வர்ற வெண்பா இது. மூலத்துல "காலத்தே வாளோடு முன்தோன்றி மூத்த குடி"ன்னு இருக்கு. வாளோட பொறந்த ஒரு மறக்குடியோட பழமையைச் சொல்ற பாட்டு. அந்த "வாளோடு"வைத் தூக்கிட்டு "குடி"யைத் "தமிழ்" ஆக்கியாச்சு. ஒருத்தர் சொன்னதை எடுத்துச் சொல்றோம்னா அவர் சொன்னதைத்தானே சொல்லணும்?

வேம்படி:
தம்பி, கோவம் புரியுது, ஆனா நம்ம மரபுல பேர் போட்டு மேற்கோள் காட்டற வழக்கம் எங்க இருந்துச்சு? தொல்காப்பியத்தை எடுங்க, பக்கத்துக்குப் பக்கம் "என்ப", "என்மனார் புலவர்", எந்தப் புலவர்னு ஒரு இடத்துலயாவது சொல்றாரா? உரையாசிரியர்கள் "என்றார் பிறரும்"னு போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க. நன்னூல்ல பவணந்தி பழைய சூத்திரத்தை அப்படியே எடுத்து வச்சுக்கறார், கேட்டா "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்"ங்கறார். வார்த்தை ஊருக்குப் பொது. ஒரு வரி ஜனங்க வாய்ல விழுந்துட்டா அது பழமொழி மாதிரி, தேய்ஞ்சு மாறித்தான் போகும். மாறாம ஏட்டுக்குள்ளயே கிடந்திருந்தா இன்னிக்கு அந்த ஐயனாரிதனாரை யாருக்குத் தெரியும்?

திண்ணைவாசி:
அண்ணா நீங்க சொன்ன பவணந்தி வரியே எனக்குத்தான் சாதகம். கருத்து மட்டும் இல்ல, அவங்க வார்த்தையையும் பொன் மாதிரி போற்றுவோம்னு சொல்றார். பொன்னை உரசிப் பார்ப்போம், பாதியை வெட்டி எறிஞ்சுட்டு மீதியில பித்தளை ஊத்துவோமா?

மணிமேகலையைப் பாருங்க. மருதிங்கற பார்ப்பனப் பெண்கிட்ட சதுக்கப்பூதம் பேசற இடம். "தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள் பெய்யெனப் பெய்யும் பெருமழை என்ற அப் பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்". வள்ளுவர் பேர் இல்லதான். ஆனா 55வது குறள், கடைசியில வர்ற "மழை" மட்டும் "பெருமழை" ஆனதைத் தவிர, முழுசா அப்படியே உட்கார்ந்திருக்கு, அதுக்கப்புறம் "என்ற"ன்னு ஒரு வேலி, அதுக்கப்புறம் "பொய்யில் புலவன்"னு சொன்னவருக்கு மரியாதை. படிக்கறவனுக்கு எது வள்ளுவர் வாக்கு எது மணிமேகலை எழுதின சாத்தனார் வாக்குன்னு சந்தேகமே வராது. நான் கேக்கறது அவ்ளோதான்.

மஞ்சப்பை:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். அந்த "என்ற" பத்தி ஒண்ணு சொல்லணும். இந்த ரெட்டை மேற்கோள் குறி எல்லாம் அச்சுப் புத்தகத்தோட வந்தது, ஓலையில கிடையாது. ஆனா நமக்கு அது இல்லாமலே ஓடுச்சு, ஏன்னா "என்று"ங்கற சொல்லே அந்த வேலையைப் பாத்துடும், பேச்சு எங்க முடியுதுன்னு காட்டிடும். அதுக்கும் மேல "ஆம்" இருக்கு. "வந்தான்"னா நான் பொறுப்பு, "வந்தானாம்"னா யாரோ சொன்னாங்க, நான் பாக்கல. எங்க அப்பாயி ஊர்க்கதை சொல்லும்போது ஒரு "ஆம்" கூட விடாது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவி அவ்ளோ கவனமா இருந்துச்சு, இப்ப ஃபார்வர்ட் பண்றவங்களுக்கு அந்த "ஆம்" கூட மிஞ்சல.

ஈரோட்டுக்காரி:
வேம்படி சார், வார்த்தை ஊருக்குப் பொதுன்னு சொல்றது சுலபம். என் தங்கச்சி எங்கம்மா தவறினப்ப நாலு வரி எழுதி அவ பக்கத்துல போட்டா. ஆறு மாசம் கழிச்சு அது எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்துச்சு, பின்னாடி சூரியன் உதிக்கற படம், கீழ ஒரு பெரிய தலைவர் பேரு. "சேலை மடிப்பில் இருக்கும் உன் வாசம்"னு அவ எழுதினதை "தாய்மையின் வாசம்"னு மாத்திட்டாங்க. அந்தச் சேலை எங்க பீரோவுல இருக்கு. அவ அதைப் பாத்துட்டு ரெண்டு நாள் பேசல. செத்துப்போன புலவருக்கு வலிக்காதுன்னு வேணா சொல்லலாம், இவளுக்கு வலிச்சுது.

வேம்படி:
அம்மா, அது திருட்டு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். உயிரோட இருக்கறவங்க எழுத்துல கை வைக்கறது வேற. நான் பேசறது நூத்தாண்டுக் கணக்கா புழங்கற வரியைப் பத்தி. திண்ணைவாசி சொல்ற மாதிரி நூல் பேரு, படலம், துறை எல்லாம் தெரிஞ்சாத்தான் வாயைத் திறக்கணும்னா பத்துப் பேராசிரியரைத் தவிர யாரும் பேச மாட்டாங்க. எங்க ஊர்ல டீக்கடையில உட்கார்ந்து "யாதும் ஊரே"ன்னு சொல்ற பெருசுகிட்ட புறநானூறு 192ன்னு சொல்லுய்யான்னு கேட்க முடியுமா? உரையாசிரியர்கள் பேர் சொல்லாம காட்டின மேற்கோள்லதான் எத்தனை நூல் பிழைச்சுது!

பழுப்புப்பக்கம்:
பிழைச்சுதுதான், மறுக்கல. ஆனா என்ன விலை குடுத்துன்னு பாருங்க சார். உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தப்ப, அதுக்கு உரை எழுதின நச்சினார்க்கினியர் காட்டற மேற்கோள் எல்லாம் எந்த நூல்னு தெரியாம தவிச்சிருக்கார், ஏடு ஏடா புரட்டி ஒவ்வொண்ணா இடம் கண்டுபிடிச்சுத்தான் 1887ல பதிப்பு கொண்டு வந்தார். அந்தத் தேடல்தான் அவரைச் சங்க நூல்கள் பக்கம் கூட்டிட்டுப் போச்சுங்கறதும் உண்மை. ஆனா உரைகள்ல இன்னமும் எந்த நூல்னு தெரியாத மேற்கோள் பாட்டு கிடக்கு, ஒரு பேர் எழுதியிருந்தா போதும்.

இதுக்கு எதிர்ப்பக்கம் புறத்திரட்டு. பல நூல்ல இருந்து பாட்டுப் பொறுக்கித் தொகுத்தவர் எந்த நூல்ல இருந்து எடுத்தார்னு குறிச்சு வச்சார். அந்தக் குறிப்பு இருந்ததாலதான் முத்தொள்ளாயிரம்னு இன்னிக்கு நூத்துச்சொச்சம் பாட்டைக் கையில வச்சுப் படிக்கறோம். குண்டலகேசி முழுக்காப்பியம் போயிடுச்சு, மிஞ்சின 19 பாட்டு குண்டலகேசிதான்னு நமக்குத் தெரியறதே இந்த மாதிரி பேர் குறிச்சவங்களாலதான். அவர் சோம்பேறித்தனப்பட்டு "என்றார் பிறரும்"னு விட்டிருந்தா, "பாளையாம் தன்மை செத்தும்"ங்கற அந்தப் பாட்டு பேர் தெரியாத அநாதைப் பாட்டா நின்னிருக்கும்.

வேம்படி:
புறத்திரட்டு விஷயம் நான் யோசிக்கல. சரி, எழுதறப்பவும் அச்சடிக்கறப்பவும் பேர் போடணும்னு ஒத்துக்கறேன், அதுலயும் பள்ளிக்கூட ஃப்ளெக்ஸ்ல தப்பான பேர் போடறது தப்புதான், பிள்ளைங்க அதைத்தான் மனசுல ஏத்திக்கும். ஆனா வாய்ப்பேச்சுல "சொல்லுவாங்களே"ன்னு ஆரம்பிக்கறவனைத் தடுக்கக் கூடாது, இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

திண்ணைவாசி:
"சொல்லுவாங்களே"ன்னு அவர் சொன்னாலே போதும்ணா, மஞ்சப்பை சொன்ன "ஆம்" அதுக்குள்ள வந்துடுது. "வாளோடு"வை மட்டும் முழுங்க வேண்டாம். தமிழாசிரியை நம்பர் அக்காகிட்ட வாங்கிட்டேன், நாளைக்குக் கூப்பிட்டுப் பொறுமையா சொல்றேன்.

மஞ்சப்பை:
அவங்களுக்கு அனுப்ப முழுப்பாட்டு யார்கிட்டயாவது இருக்கா?

பழுப்புப்பக்கம்:
பொய்யகல நாளும் புகழ்விளைத்தல் என்வியப்பாம்
வையகம் போர்த்த வயங்கொலிநீர் - கையகலக்
கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே வாளோடு
முன்தோன்றி மூத்த குடி.

புறப்பொருள் வெண்பாமாலை, கரந்தைப் படலம், குடிநிலை. உலகத்தை மூடிக் கிடந்த வெள்ளம் வடிஞ்சு, பாறை தலைகாட்டி, மண்ணு இன்னும் தெரியாத நேரம். அதைத்தான் சொல்றார். அந்த ரெண்டாவது வரியை விட்டுட்டு கல்லும் மண்ணும் மட்டும் சொன்னா எதுவுமே விளங்காது, அவங்களுக்கு நாலு வரியும் அனுப்புங்க.