அம்மாயி ஒத்துக்காத விடுகதை

அஸ்தம்பட்டி அக்கா:
போன மே மாசம் ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. மொட்டை மாடியில பசங்க அஞ்சு பேரு, நான், புளி தட்டிக்கிட்டு எங்கம்மா. செல்போன் டார்ச்சுல டோல்கீனோட ‘ஹாபிட்’ அஞ்சாவது அத்தியாயத்தைப் படிச்சுப் படிச்சு நம்ம பேச்சுல சொல்லிக்கிட்டிருந்தேன். மலைக்கு அடியில வழி தவறின கதாநாயகன் பில்போ, இருட்டுக் குளத்துக்கிட்ட ஒரு ஜந்துகிட்ட மாட்டுவானே, அது. ஜந்து பேரு ‘கோலம்’னு சொன்னதும் “வாசல்ல போடறதா?”ன்னு ஒரே சிரிப்பு. ‘கொல்லும்’னு மாத்தினேன், கப்சிப்.

விடுகதையில பில்போ ஜெயிச்சா வழி காட்டணும், தோத்தா அவனையே தின்னுடும். பல்லுக்கு முப்பது வெள்ளைக் குதிரைன்னு ஒரு விடுகதை வருது. அம்மா உடனே, “முப்பதா? குகைக்குள்ள முப்பத்திரண்டு வீரரு, ஒரு நாகம். அதானே?” கொல்லுமுக்கு மிச்சம் ஆறே பல்லுன்னு சொன்னேன். “அதை வச்சுப் புளியங்கொட்டையே கடிக்க முடியாது, ஆளைத் திங்கறானாம்!”

கடைசியா பில்போ, தன் பையில என்னன்னு கேக்கறான். அம்மா புளியைக் கீழே வச்சுட்டாங்க. “இது விடுகதையா? அவன் பையில இருக்கறது எவனுக்குத் தெரியும்? கள்ளாட்டம்!” பெரியவன் விடல: “மூணு தடவை சொல்லலாம்னு அதுவும் ஒத்துக்கிச்சுல்ல அம்மாயி?” பாதிப் பேரு அம்மா கட்சி, பாதிப் பேரு பில்போ கட்சி.

பையில இருந்தது கொல்லும் தொலைச்ச மோதிரம். 1937ல வந்த முதல் பதிப்புல அந்த மோதிரமே பந்தயப் பரிசுதான். கொல்லும் அதைத் தேடிப் பார்த்துக் கிடைக்காம, மன்னிப்புக் கேட்டு வழி காட்டி அனுப்பிடும். அடுத்து எழுதின ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதைக்கு ஒத்துவரணும்னு 1951 பதிப்புல டோல்கீன் மாத்திட்டாரு. “முதல்ல எழுதினதுதான் நியாயம்”னாங்க அம்மா.

ஏற்காட்டு வாத்தியார்:
இதே கதையைச் சொன்ன அடுத்த வாரம் பசங்களைச் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். குகைக்குள்ள குனிஞ்சு நுழையறப்போ ஒரு வாண்டு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, “சார், உள்ளே குளம் இருக்கா?” சாமி கும்பிட்டு வெளியே வர்ற வரைக்கும் பிடியை விடல.

குகைக்காரன் (சேலத்துல குகைங்கற ஏரியாங்க, வேற இல்ல):
எங்க வீட்டுல இந்தப் புத்தகம் எடுபடல. பதிமூணு குள்ளர்கள், பேரெல்லாம் குழப்பம். “பில்போவோட அம்மா பேரு மட்டும் வருது, கதைக்குள்ள ஒரு பொண்ணுகூட இல்லையேப்பா”ன்னா மக. பதில் இல்ல எங்கிட்ட. டிராகனைப் பில்போ கொல்லாம ஒரு வில்லாளி வந்து கொன்னதும் புத்தகத்தை மூடிட்டா. எனக்கும் அந்த இடம் சப்புன்னுதான் இருந்துச்சு.

அஸ்தம்பட்டி அக்கா:
உங்க மக பக்கம்தான் நானும். இங்க நிலவரம் வேற. “என் பையில என்ன?”ன்னு பசங்க கேட்டுக் கேட்டு உயிரை எடுக்குதுங்க. நேத்து அம்மாவே முந்தானை முடிச்சை நீட்டி, “இதுல என்ன, மூணு தடவை சொல்லு”ன்னாங்க. சில்லறை, வெத்தலை, சாவின்னேன். மூணும் தப்பு. அவிழ்த்தா, வறுத்த புளியங்கொட்டை.