அடித்தளத்தோடு நிற்கும் பள்ளிக் கட்டடம்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மாணவர்கள் இறந்த பிறகு, எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தையும் இடித்தார்கள். இடிக்க இரண்டே நாள். புதிய கட்டடமோ அடித்தளத்தோடு நிற்கிறது. துருவேறிய கம்பிகளில் ஆடு கட்டுகிறார்கள். ஐந்து வகுப்பும் சமுதாயக் கூடத்தில். முகூர்த்த நாளென்றால் பள்ளி வேப்பமரத்தடிக்குப் போய்விடும்.

ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒப்பந்ததாரரைக் கைகாட்டுகிறது. அவரோ பில் பணம் வரவில்லை என்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்துக்கும் பதில் இல்லை. இனி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடப் போகிறேன். பணி ஆணை, அளவீட்டுப் புத்தகம் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) இரண்டின் நகலையும் கேட்டால் போதுமா? எழுதிய அனுபவம் உள்ளவர்கள் ஒரு மாதிரி மனு அனுப்புங்கள். அந்தத் துருக் கம்பி மேலேயே கான்கிரீட் போடலாமா என்று பொறியாளர் யாராவது சொல்லுங்களேன்.