தபால் கட்டணம் மாறிக்கொண்டே இருக்கிறது, ஷிப்பிங் தொகையை எப்படி நிர்ணயிப்பது? (சென்னையிலிருந்து அனுப்புபவர்கள் சொல்லவும்)

மயிலை மண்வளை:

எல்லோருக்கும் வணக்கம். மயிலாப்பூரிலிருந்து டெரகோட்டா ஜிமிக்கி, ஆரம் விற்கிறோம். கூடவே சிறுவர்களுக்கான தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. வாரத்துக்கு 40 பார்சல் போகும். வெப்சைட்டில் தமிழ்நாட்டுக்கு 60, வெளிமாநிலத்துக்கு 90 என்று நிரந்தரமாகப் போட்டிருந்தோம். 2025 அக்டோபரில் வந்த ஸ்பீட் போஸ்ட் பட்டியலைப் பார்த்துத் திருத்தினோம். ஆனால் கவுண்டரில் பட்டியலில் இல்லாத தொகையாக வருகிறது. பதிவுத் தபாலும் தனியாக இல்லை என்கிறார்கள். இணையத்தில் புக் செய்யும் தனியார் கூரியரில் "எடை வித்தியாசம்" என்று பின்னாலேயே பிடித்தம் வருகிறது. எதை நம்பி வாடிக்கையாளரிடம் தொகை சொல்வது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தபால் பித்தன்:

மேடம், முதல் சிக்கல் பட்டியலிலேயே இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் அமலான, பத்திரிகைகளில் வந்த அந்தக் கட்டணம் ஸ்பீட் போஸ்டின் "டாக்குமெண்ட்" வகைக்கு உரியது. அதாவது காகிதங்களுக்கு, 500 கிராம் வரை. ஜிமிக்கி காகிதம் இல்லையே! அது "பார்சல்" வகையில் போகும், அதற்குக் கட்டணம் வேறு. கவுண்டரில் தவறு எதுவும் நடக்கவில்லை.

அந்தப் பட்டியலை ஒருமுறை சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ரசீது, ஒப்பந்தத் தாள், வாழ்த்து அட்டை அனுப்புகிறவர்களுக்கு இப்போதும் அதுதான். 50 கிராம் வரை உள்ளூருக்கு ரூ.19, மற்ற எல்லா இடத்துக்கும் ரூ.47. 51 முதல் 250 கிராம் வரை உள்ளூர் 24. அதன் பிறகு தூரக் கணக்கு: 200 கி.மீ. வரை 59, 500 வரை 63, 1000 வரை 68, 2000 வரை 72, அதற்கு மேல் 77. 251 முதல் 500 கிராம் வரை இதே வரிசையில் 28, 70, 75, 82, 86, 93. சென்னையிலிருந்து புதுச்சேரி 59 ரூபாய்க் கட்டத்திலும், மதுரை 63-லும், ஹைதராபாத் 68-லும், மும்பை 72-லும் விழும்.

இங்கே எல்லோரும் தவறவிடுவது ஜி.எஸ்.டி. மேலே சொன்னவை வரி சேராத தொகைகள். 63 என்றால் கையிலிருந்து போவது 18 சதவீதம் சேர்த்து ரூ.74.34.

பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் ஸ்பீட் போஸ்ட் புக் செய்து, "ரெஜிஸ்ட்ரேஷன்" வேண்டும் என்று கேளுங்கள். உருப்படிக்கு ரூ.5, வரி தனி. ஓ.டி.பி. சொன்னால்தான் பட்டுவாடா என்ற வசதிக்கும் தனியாக ரூ.5, வரி தனி. விலை கூடிய ஆரத்துக்கு ஓ.டி.பி. போடுங்கள். "வரவே இல்லை" என்ற தகராறு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். வாங்குபவரின் மொபைல் எண்ணை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு இலக்கம் பிசகினாலும் ஓ.டி.பி. வேறு யாருக்கோ போகும், பார்சல் திரும்பி வரும்.

புத்தகங்களை நகையோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென்றே "ஞான் போஸ்ட்" என்ற தபால் சேவை இருக்கிறது. 300 கிராம் வரை ரூ.20, 5 கிலோவுக்கு ரூ.100, வரி தனி. தரைவழியில் போவதால் மெதுவாகத்தான் சேரும், ஆனால் டிராக்கிங் உண்டு. புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். பருவ இதழ்களும் விளம்பரம் சுமந்தவையும் இதில் செல்லாது. உள்ளே ஒரு ஜோடி ஜிமிக்கியை வைத்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும்.

பாரிமுனைப் பெட்டிக்காரன்:

விலையை அப்புறம் மாற்றலாம். முதலில் பெட்டியை மாற்றுங்கள் அக்கா. "எடை வித்தியாசம்" என்று கூரியரில் பிடிப்பது பெரும்பாலும் தராசில் வரும் எடைக்காக இல்லை, பருமன் எடைக்காக. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது பருமன் எடை, கிலோவில். சில ஒப்பந்தங்களில் வகுக்கும் எண் இதைவிடக் குறைவாக இருக்கும், அப்போது பருமன் எடை இன்னும் கூடும். தராசு எடை, பருமன் எடை இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் பில். அதையும் அரை அரை கிலோவாக மேலே ஏற்றுவார்கள்.

உதாரணமாக, 25×20×12 பெட்டி 6000, வகுத்தால் 1.2 கிலோ. உள்ளே இருப்பது 200 கிராம் ஜிமிக்கியும் காற்றும்தான், பில் ஒன்றரை கிலோவுக்கு. அதே நகை 18×12×6 பெட்டியில் தாராளமாக உட்காரும். பருமன் 0.26 கிலோ, பில் அரை கிலோவுக்கு.

இன்னொரு கண்ணி இருக்கிறது. 24×17×6 பெட்டி வாங்கினால் 0.49 கிலோ, அரை கிலோவுக்குள் அடங்கிவிட்டது என்று நினைப்போம். பபிள் ராப்பைத் திணித்து மூடியதும் மூடி நடுவில் ஒரு சென்டிமீட்டர் உப்பும். அளக்கும் மெஷின் உப்பிய இடத்தைத்தான் எடுக்கும். உயரம் 7 ஆகி 0.57 வந்துவிடும், பில் ஒரு கிலோவுக்கு ஏறும். பெட்டியை எப்போதும் வெளிப்பக்கம், டேப் ஒட்டிய பிறகு, மிக மேடான இடத்தில் அளக்க வேண்டும். விற்பவர்கள் சொல்லும் அளவு சில நேரம் உள் அளவாக இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

ஆண்டர்சன் தெரு பக்கம் போனால் மடக்குப் பெட்டியை உங்கள் அளவுக்கே வெட்டித் தருபவர்களை விசாரிக்கலாம். ஜிமிக்கிக்கு 3 பிளை (மூன்று அடுக்கு அட்டை) போதும். கொலு பொம்மை அளவு மண் சாமான் என்றால் 5 பிளை. மூன்று அளவுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். அளவு கூடக் கூட அவசரத்தில் கைக்குக் கிடைத்த பெரிய பெட்டியில் போடுவதுதான் நடக்கும்.

ஆதாரம் சேர்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லேபிள் ஒட்டிய பிறகு நான்கு படம் எடுங்கள். தராசின் எண்ணும் லேபிள் எண்ணும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி ஒன்று, டேப் வைத்து நீளம், அகலம், உயரம் மூன்று. படத்துக்கு டிராக்கிங் எண்ணையே பெயராக வையுங்கள். எடை ஆட்சேபத்துக்குக் கெடு சில நாள்தான் இருக்கும், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று பார்த்து, வாரத்தில் இரண்டு நாள் கூரியர் தளத்தின் எடை வித்தியாசப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கெடு தாண்டினால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு, அப்புறம் எவ்வளவு நல்ல படம் இருந்தாலும் பயனில்லை.

மழைக்காலத்தில் அட்டைப்பெட்டி ஈரம் குடித்து சில கிராம் கூடும், மூலையும் தளரும். ஐப்பசி, கார்த்திகையில் 500 கிராம் கட்டத்துக்கு 480-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நகையை முதலில் பாலிதீன் உறையில் போட்டு, அதன் பிறகு பெட்டி. தெர்மல் லேபிளின் பார்கோடு மேல் செலோடேப் ஒட்ட வேண்டாம். பளபளப்பில் ஸ்கேனர் படிக்காது, பசை பட்டு எழுத்தும் மங்கும். ஓரங்களில் மட்டும் ஒட்டுங்கள்.

வரவுசெலவு:

தொகை நிர்ணயிக்கும் விதத்தை நான் சொல்கிறேன். ஒரு ஷீட் போதும். குறுக்கே உங்கள் மூன்று பெட்டிகள், நெடுக்கே நான்கு வட்டாரங்கள்: சென்னை, மற்ற தமிழ்நாடும் புதுவையும், மற்ற தென்மாநிலங்கள், மீதி இந்தியா. ஒவ்வொரு கட்டத்திலும் வரியோடு சேர்ந்த கட்டணம். பக்கத்திலேயே "பார்த்த தேதி" என்று ஒரு பத்தி. இந்தத் தேதிப் பத்தி இல்லாத ஷீட்டை நம்பவே வேண்டாம். இந்தியா போஸ்ட் தளத்தின் கட்டணக் கணிப்பானில் இரு பின்கோடுகளையும் எடையையும் அளவுகளையும் போட்டு, "பார்சல்" வகையைத் தேர்ந்தெடுத்து எடுங்கள்.

பிறகு போன மாத ஆர்டர்களை எண்ணுங்கள். எல்லாம் உதாரணத் தொகைதான்: 100 பார்சலில் சென்னை 30, தமிழ்நாடு 40, தென்மாநிலம் 20, மற்றவை 10. செலவு முறையே 40, 70, 85, 110. மொத்தம் 6,800, சராசரி 68. பெட்டி, டேப், லேபிளுக்கு 14. நூற்றில் நான்கு திரும்பி வந்தால் அந்தத் திரும்பும் கூலியைப் பரப்ப ஒரு 3. ஆக 85.

ஆனால் 85 என்று எல்லோருக்கும் போட்டால் சென்னைக்காரர் ஓடிவிடுவார், அவருக்கு ஆகும் செலவு 57-தான். சென்னையைப் பிரித்துவிடுங்கள்: சென்னை 60. மீதி 70 பார்சலுக்கு 5,600, சராசரி 80, மேல்செலவு 17 சேர்த்து 97. அதை 99 என்று வையுங்கள். இரண்டு தொகை போதும். வட்டாரத்துக்கு ஒன்றாக நான்கு தொகை வைத்தால் வாங்குபவர் குழம்புவார், நமக்கும் திருத்துவது சிரமம்.

"இலவச ஷிப்பிங்" வரம்பை 999, 1499 என்று அழகான எண்ணுக்காக வைக்காதீர்கள். சின்னப் பெட்டியில் எத்தனை ஜோடி ஜிமிக்கி அரை கிலோவுக்குள் அடங்கும் என்று நிரப்பிப் பாருங்கள். நான்கு ஜோடி என்றால் நான்கு ஜோடியின் விலைதான் வரம்பு. ஐந்தாவது ஜோடியில் பெட்டி மாறினால் லாபமும் அதோடு போய்விடும்.

வரி பற்றி ஒன்று. வாடிக்கையாளரிடம் பொருளோடு சேர்த்து வாங்கும் ஷிப்பிங் தொகைக்கும் பொருளின் வரி விகிதம்தான், தனியாக 18 போடக் கூடாது. இமிட்டேஷன் நகைக்கு 3 சதவீதம் என்றால் 500 நகை, 60 ஷிப்பிங், மொத்தம் 560-க்கும் 3 சதவீதம். நீங்கள் தபாலுக்குக் கட்டும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுக்க (அதாவது நீங்கள் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள), புக் செய்யும்போதே உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துவிடுங்கள். பிற்பாடு ரசீதைத் திருத்துவது பெரும்பாடு.

கட்டணம் மாறும்போது அவகாசம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 2012-க்குப் பிறகு முதல்முறையாக 2025-இல் வந்த அந்த அக்டோபர் மாற்றமே செப்டம்பர் கடைசி வாரத்தில் அறிவிக்கப்பட்டு 1-ஆம் தேதி அமலானது. மாதக் கடைசியில் ஒருமுறை ஷீட்டைச் சரிபார்ப்பதை வழக்கமாக்குங்கள். பணம் கட்டிவிட்ட ஆர்டருக்குப் பழைய தொகைதான், அதைக் கூடுதலாகக் கேட்கவே கூடாது.

மயிலை மண்வளை:

மிக்க நன்றி, எங்கள் பெரிய பெட்டிதான் 25×20×12, அதே அளவு! அமெரிக்காவிலிருந்து இரண்டு ஆர்டர் காத்திருக்கிறது, 40 டாலர் சுமாருக்கு. "கிஃப்ட் என்று எழுதி அனுப்புங்கள்" என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

நங்கூரம்:

செய்யாதீர்கள். விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது பொய் அறிவிப்பு. பார்சல் பறிபோகலாம், உங்கள் பெயரும் கெடும்.

நிலவரம் இது. 800 டாலர் வரையான சரக்குக்கு அமெரிக்காவில் இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29-ஓடு நின்றது. அதையொட்டி இந்தியா போஸ்ட் அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தி, அக்டோபர் 15-இல் மீண்டும் தொடங்கியது. இப்போதைய முறையில் சுங்கத்தை அனுப்புபவரே புக்கிங்கில் முன்கூட்டிக் கட்ட வேண்டும். தொடங்கிய அன்று அது அறிவித்த மதிப்பில் 50 சதவீதம். அன்றைய கணக்கில் 40 டாலர் பார்சலுக்கு 20 டாலர் சுங்கம், தபால் கட்டணம் தனி. இந்தச் சதவீதம் அரசியலோடு சேர்ந்து மாறுவது. ஆகவே அமெரிக்காவுக்கு வெப்சைட்டில் நிரந்தரத் தொகை வேண்டாம். ஆர்டர் வந்ததும் அன்றைய விகிதத்தைப் பார்த்து, சுங்கத்தைத் தனியாகக் காட்டி, இந்தத் தொகை 3 நாள் மட்டும் செல்லும் என்று எழுதி, பணம் வந்த பிறகு பேக் செய்யுங்கள்.

தேவையானவை: ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண்; கட்டணம் ரூ.500, ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் தளத்தில் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் முடங்கிவிடும்), பிறகு டாக் கர் நிர்யாத் கேந்திரா (அஞ்சலக ஏற்றுமதி மையம்) தளத்தில் கணக்கு. அஞ்சல் ஏற்றுமதி பில்லை அங்கேயே மின்னணு முறையில் போடலாம். டெரகோட்டா நகைக்கு எச்.எஸ். தலைப்பு (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) 7117, புத்தகத்துக்கு 4901. விவரத்தில் வெறுமனே "ஜுவல்லரி" என்று எழுதினால் தங்கமோ என்று பிரித்துப் பார்ப்பார்கள். "ஹேண்ட்மேட் டெரகோட்டா இமிட்டேஷன் இயரிங்ஸ், 2 பேர்ஸ்" என்று பொருள், எண்ணிக்கை, மதிப்பு மூன்றையும் எழுதுங்கள். பில்லில் உள்ள மதிப்பும் படிவத்தில் உள்ள மதிப்பும் ஒரு டாலர்கூட மாறக் கூடாது.

சிங்கப்பூர் கொஞ்சம் சுலபம். 400 சிங்கப்பூர் டாலர் வரையான பொருளுக்கு அந்நாட்டு ஜி.எஸ்.டி. வசூலிக்க வேண்டியது பதிவு பெற்ற பெரிய விற்பனையாளர்கள். உங்கள் அளவில் பதிவு தேவைப்படாது.

நவராத்திரி நேரத்தில் நகையோடு பூஜைப் பொட்டலம் சேர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கற்பூரமும் அத்தரும் எளிதில் தீப்பிடிப்பவை, விமானத்தில் ஏறாது. எக்ஸ்ரேயில் ஒரு வில்லை கற்பூரம் தெரிந்தாலும் முழுப் பார்சலும் நிற்கும். குங்குமம், மஞ்சள், சின்ன விளக்கு போதும். விளக்கை மண்ணிலேயே கொடுங்கள், உங்கள் கடைக்கும் அதுதான் பொருத்தம். ஜிமிக்கியின் கொக்கியை அட்டையில் குத்தி, பின்பக்கம் சின்ன டேப் ஒட்டி, தொங்கும் மணிகளுக்கு அடியில் டிஷ்யூ வைத்து மூடுங்கள். பெட்டியைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே ஏதாவது தட்டும் சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.